உப்பும் விறகும் வைத்துவிட்டு ரயிலேறினோம்

ஒரே ஒரு நாள் ஊட்டிக்குப் போய்வர, எங்கள் வீட்டில் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினோம். சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நடந்ததுதான்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. குன்னூருக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு. எங்கள் ஆட்கள் அதை லயம் என்றுதான் சொல்வார்கள். லயத்தில் எல்லாரும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அம்மா சின்னப் பிள்ளையாக வந்தாள். அப்பா மீசை முளைத்த பிறகு வந்தார். இங்கே வந்துதான் கல்யாணம். அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. அப்பாவுக்குக் கவ்வாத்து. செடியை வெட்டிவிடுகிற கத்தியைத் தவிர வேறு எதனோடும் அவர் அதிகம் பேசிப் பார்த்ததில்லை.

எங்கள் லயத்துக்கு எதிர்ச் சரிவில் ரயில் போகும். புகை முதலில் தெரியும். சத்தம் பிறகு வரும். பிள்ளைகள் எல்லாரும் வாசலுக்கு ஓடிப்போய்க் கை காட்டுவோம். அம்மா மட்டும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தால் பொறுக்கிக்கொண்டே இருப்பாள்.

எனக்கு அந்த ரயிலில் ஏறவேண்டும். காய்ச்சல் வந்தாலும் அதையே சொல்வேன். அப்பாவிடம் கேட்டால் "பாப்பம்" என்பார். அம்மாவிடம் கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

கடைசியில் மாமாதான் கூட்டிப்போனார். அம்மாவின் தம்பி. குன்னூரில் பெயிண்ட் அடிக்கிற வேலை. சட்டையில் எப்போதும் நாலு வீட்டுக் கலர் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்தவர், அம்மா அரைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

"அக்கா, எல்லாரும் ரயில்ல ஒரு சுத்து போயிட்டு வந்துரலாம்."

அம்மா கையில் குழவி நின்றுவிட்டது.

"பஸ்ஸுல போனா ஆவாதா?"

"பஸ்ஸுல போறதுக்கு நான் எதுக்கு? கீழ மேட்டுப்பாளையத்துல ஏறி மேல ஊட்டி வரைக்கும் போறோம். காடு, பாலம், குகை எல்லாம் பாக்கலாம். சாயங்கால வண்டியில குன்னூர் வந்து எறங்கிக்கலாம்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னக்கா, ஊட்டுக்கு வந்து சோத்தைப் பொங்கு."

அம்மா அரைத்ததை வழித்து எடுத்தாள். நான் லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடி எல்லாரிடமும் சொன்னேன்.

போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அம்மா எங்கள் கோழியைப் பிடித்துப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தாள். சொந்தம் இல்லை. கூப்பிடுகிற பெரியம்மா.

"ஒரு நாளைக்குக் கோழிய எதுக்குடி குடுக்குற? அது என்ன பால் குடிக்கிற புள்ளையா?"

"இருக்கட்டும்க்கா. நீங்களே வளத்துக்குங்க."

பெரியம்மா அம்மாவையே பார்த்தாள். பிறகு கோழியை வாங்கிக்கொண்டாள்.

விடியுமுன் என்னை எழுப்பியபோது வீடு வீடாக இல்லை. சுவரில் முருகன் படம் இல்லை. தகரப்பெட்டி பூட்டிக் கயிறு கட்டியிருந்தது. பாத்திரம் எல்லாம் ஒரு மூட்டை. கம்பளி, துணிமணி எல்லாம் இன்னொரு மூட்டை. முந்தின நாள் துவைத்து இன்னும் காயாத என் பள்ளிக்கூடப் பாவாடையைக்கூடக் கொடியிலிருந்து எடுத்து ஈரத்தோடு மடித்திருந்தாள். அம்மிக்கல் மட்டும் கிடந்தது. அதன் மேல் குழவி இல்லை. அந்தக் குழவி கப்பலில் வந்தது. கல்லைத் தூக்க முடியாது என்று இலங்கையிலேயே விட்டுவிட்டுக் குழவியை மட்டும் கொண்டுவந்தார்களாம்.

அடுப்பில் சாம்பலை அள்ளித் துடைத்திருந்தாள். அடுப்பங்கரையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஒரு பிடி உப்பு. பக்கத்தில் கொஞ்சம் விறகு.

அது எங்கள் ஆட்களின் பழக்கம். லயத்தை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்கள், அடுத்து வருகிற குடும்பத்துக்காக ஒரு பிடி உப்பும் ஒரு வேளைக்கு விறகும் வைத்துவிட்டுப் போவார்கள். வந்து இறங்கிய நேரத்தில் அவர்கள் கடை தேடி அலையக்கூடாது. அந்த உப்பைப் போட்டு உலை வைத்த பிறகுதான் வீடு அவர்களுடையது.

அப்பா எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்தார். இதெல்லாம் எதற்கு என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. குனிந்து குழவியை எடுத்துச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டார்.

"இத நான் தூக்கிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான்.

முதல் பஸ்ஸைப் பிடித்து மலையிறங்கினோம். கண்டக்டர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "எந்த எஸ்டேட்டுக்கு மாத்தலுங்க?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் மாமா எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தார். டிக்கெட் கிடைக்காமல் போய்விடக்கூடாது என்று முந்தின நாளே போய், வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் கை ஆட்டியவர், சாமான்களைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார்.

"என்னக்கா இது? ஊட்டிக்குப் போறமா, குடிபோறமா?"

"சும்மா இருடா."

"மச்சான், நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

"கெடக்குது விடு" என்றார் அப்பா. "தூக்குறது நாந்தான?"

அம்மா பிளாட்பாரத்தில் எதையோ தேடினாள். ஒரு குழாயடி வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். தண்ணீர் பிடிக்கவில்லை.

நீல நிற ரயில். சின்னச் சின்ன அறைகள். எதிரும் புதிருமாகப் பலகை. எங்கள் அறையில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. எங்கள் தகரப்பெட்டி நுழைந்தது. மூட்டை நுழைந்தது. இன்னொரு மூட்டை நுழைந்தது. அப்பாவும் குழவியும் நுழைந்தார்கள். கதவைச் சாத்த வந்த கார்டு எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ஊட்டுல எதாச்சும் மிச்சம் வெச்சிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அது எங்கள் மூட்டை இல்லை என்பதுபோல.

பொள்ளாச்சி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. காலை மடக்கி வைத்துக்கொண்டு, "மூட்டைய இப்பிடித் தள்ளுங்கக்கா. கொழந்தைய எங்கிட்டக் குடுங்க. பாப்பா, நீ சன்னலுக்கு வா" என்றாள். தம்பி அப்போது கைக்குழந்தை. அவள் மடியில் போனதும் அவளுடைய வளையலைப் பிடித்துக்கொண்டான். ஜன்னல் எனக்குக் கிடைத்தது. அவளுடைய பிள்ளைகள் விட்டுக்கொடுத்த ஜன்னல் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வண்டி நகர்ந்தது. பாக்குத் தோப்புகள் போயின. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இன்னொரு தண்டவாளம் வந்தது. வண்டிக்கு அடியில் பல் சக்கரம் இருக்கிறது, அது இந்தப் பல்லைக் கவ்விக் கவ்வித்தான் மலை ஏறும் என்றார் மாமா. கடகடவென்று பலகை அதிர்ந்தது. முன்னால் எட்டிப் பார்த்தேன். இஞ்சினைக் காணோம்.

"மாமா, இஞ்சின் இல்ல!"

"பின்னால இருக்குடி. இங்க இழுக்கமாட்டான். பின்னால நின்னு தள்ளுவான்."

"தள்ளி விடுறானா?" என்றாள் அம்மா. அன்று ரயிலில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மாமா ஒன்று விடாமல் காட்டினார். அதோ அருவி. அதோ கீழே ரோடு, பஸ் எறும்பு மாதிரி. இதோ பாலம், குனிந்து பார், கீழே ஒன்றும் இல்லை. குகைக்குள் போகும்போது ரயிலே சேர்ந்து கத்தியது. பொள்ளாச்சிப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் தொண்டை கிழியக் கத்தினேன். குகை முடிந்து வெளிச்சம் வந்தபோது அம்மா என் சட்டையைப் பின்பக்கம் கொத்தாகப் பிடித்திருந்தாள். மடியில் துணி மூட்டை. கீழே வைக்கவே இல்லை. ஹில்குரோவில் இஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது எல்லாரும் இறங்கி டீ குடித்தார்கள். எங்களை மட்டும் அம்மா இறங்கவிடவில்லை. மாமா மூன்று டம்ளரை விரலிடுக்கில் பிடித்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

காட்டு மரம் குறைந்து தேயிலை வந்தது. ஒரு வளைவில் அம்மா சட்டென்று என் தலைக்கு மேலே சாய்ந்தாள்.

"நம்ம லயம்."

ஆமாம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எங்கள் தகரக் கூரைகள். தினமும் அங்கிருந்து இங்கே பார்ப்போம். இன்று இங்கிருந்து அங்கே. வாசலில் சின்னச் சின்னதாகப் பிள்ளைகள் நின்று கை காட்டினார்கள். நான் பெயர் சொல்லிக் கத்தினேன். அம்மா மலை மறைக்கிறவரைக்கும் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"குன்னூர்ல எறங்கிரலாம்."

"என்னக்கா விளையாடுறியா? டிக்கெட்டு ஊட்டி வரைக்கும்."

"போதும்டா. பாத்தாச்சு. வூடு பக்கத்துலயே இருக்கு. எறங்கிரலாம்."

வண்டி குன்னூரில் நின்றது. அம்மா மூட்டையோடு பிளாட்பாரத்தில் இறங்கிவிட்டாள். அப்பா குழவியைத் தோளில் ஏற்றினார். ஊட்டியும் போச்சு, ரயிலும் போச்சு. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழவில்லை. அழுதால் கை விட்டுப்போகும் என்று அழவில்லை.

நீராவி இஞ்சினைக் கழற்றினார்கள். வேறு இஞ்சின் வந்தது. இங்கே வண்டி நிறைய நேரம் நிற்கும். அது நல்லதாகப் போயிற்று. மாமா கெஞ்சினார். கோபித்தார். "இதுக்குத்தான் ராப்பூரா வரிசையில கெடந்தேனா?" என்று கேட்டார். அம்மா அசையவில்லை.

பொள்ளாச்சி அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே வந்தாள்.

"ஏனுங்கக்கா, எறங்கறதுன்னா எறங்குங்க. இவனத் தூக்கம் கலையாம எப்பிடி வாங்குவீங்க? அந்தப் புள்ள மூஞ்சியப் பாருங்க. கம்பியப் புடுங்கிட்டு வந்துரும்போல."

அம்மா என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கார்டு ஊதினார். அம்மா ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே அப்பா. குழவியை இறக்கி வைத்துவிட்டு என் தலையில் கை வைத்து எடுத்தார்.

வண்டி நகர்ந்தது. பின்பக்கமாக நகர்ந்தது.

அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், என்னடா? திரும்பிப் போகுது?"

"குன்னூர்ல அப்பிடித்தாங்க்கா. வந்த பக்கமே கொஞ்ச தூரம் போயித்தான் ஊட்டிப் பாதையில ஏறும்."

"வந்த வழியே போவுமா?"

"போவும்."

"ரயிலு?"

"ரயிலுதாங்க்கா. எல்லா ரயிலும் போவும், வரும். இது என்ன கேள்வி?"

அம்மா ஜன்னல் பக்கம் நகர்ந்து வந்தாள். சற்றுமுன் கடந்துபோன கம்பங்களும் கட்டடங்களும் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வண்டி நின்று, மூச்சு வாங்கி, முன்னால் கிளம்பியது. அப்போது அம்மா மடியிலிருந்த மூட்டையை எடுத்துக் கீழே, காலடியில் வைத்தாள். தம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பொள்ளாச்சி அம்மா கொடுத்த புளிச்சோற்றை, வேண்டாம் என்று ஒரு தரம்கூடச் சொல்லாமல் வாங்கிச் சாப்பிட்டாள்.

அருவங்காடு, கேத்தி என்று ஸ்டேஷன்கள் வந்தன. கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் காடுகளைக் காட்டி, "நுவரெலியா மாதிரியே இருக்கு" என்றாள் அப்பாவிடம். அப்பா தலையாட்டினார். அடுத்த குகையில் எங்களோடு சேர்ந்து அம்மாவும் கத்தினாள். பயந்துபோய்த் தம்பி அழுதான்.

ஊட்டியில் பூங்காவுக்குப் போனோம். அப்பா வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு மரத்தடியில் பெட்டி, மூட்டை, குழவி எல்லாவற்றையும் வைத்து உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க" என்றார். அம்மா வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தாள். தினமும் முதுகில் கூடையோடு குனிந்து நடக்கிறவள் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாப் பூவையும் பார்த்துவிட்டு வந்தபோது அப்பா போட்டது போட்டபடி இருந்தார். அப்பாவுக்குப் பூ பிடிக்காது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இதைப் பற்றிப் பேசியது பல வருஷம் கழித்து. நானும் கொழுந்துக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரே நிரையில் பறித்துக்கொண்டிருந்தோம். எதிரே ரயில் போயிற்று. தானாகச் சொன்னாள். இலங்கையிலிருந்து கிளம்பின அன்று, பிள்ளை அழுமே என்று அவளுடைய அப்பா சொன்னாராம்: "ரயில்ல ஒரு சுத்து போயிட்டு வந்துரலாம்." நம்பிவிட்டாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த தன் பாவாடையை, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்தாள். ரயில், கப்பல், முகாம், மறுபடி ரயில். மேட்டுப்பாளையத்தில் இறக்கிக் குழாயடியில் முகம் கழுவிவிட்டு லாரியில் ஏற்றினார்கள். இங்கே வந்து சேர்ந்தபோது லயம் புதிது. சுண்ணாம்பு காயவில்லை. உப்பு வைத்துவிட்டுப் போக அவர்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் அங்கே இருந்ததில்லை.

மாமா அப்போது கைக்குழந்தை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அதே வார்த்தையைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார். சொல்லாதிருந்தால் நாங்கள் போயிருக்கவே மாட்டோம். அம்மா கதையை முடித்துவிட்டு, "நல்லவேளை கூட்டிட்டுப் போனான்" என்று சொல்லி அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

நன்றி என்று வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மாமாவுக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுக்கிறேன். எதற்கென்று அவர் கேட்டதில்லை. அதிலும் பெயிண்ட் ஆகிவிடுகிறது. பொள்ளாச்சி அம்மா எங்கே இருக்கிறாளோ. நல்லாயிருக்கட்டும்.

சாயங்கால வண்டியில் குன்னூரில் வந்து இறங்கினோம். லயத்துக்கு ஏறும்போது பனி இறங்கியிருந்தது. பெரியம்மா வாசலில் நின்றிருந்தாள். கக்கத்தில் எங்கள் கோழி.

"வந்துட்டியாடி?"

"வந்துட்டேங்க்கா."

"இந்தா உன் கோழி. முட்டை போட்டிருக்கு. நான் ஒண்ணும் எடுக்கல." முந்தானையிலிருந்து முட்டையை எடுத்து அம்மா கையில் வைத்தாள்.

அம்மா முதலில் ஈரப் பாவாடையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அப்பா குழவியைக் கொண்டுபோய் அம்மிக்கல் மேல் அது இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு அம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். வைத்துவிட்டுப் போன விறகு அப்படியே இருந்தது. உப்பும் இருந்தது. மூட்டையிலும் உப்பு இருந்தது. அரிசியையும் பாத்திரத்தையும் வெளியே எடுத்தவள் அந்த மூட்டை உப்பைத் தொடவில்லை. அந்த விறகை எரித்தாள். அந்தச் சிரட்டை உப்பை ஒரு பரல் மிச்சம் இல்லாமல் குழம்பில் கவிழ்த்து, முட்டையை உடைத்து ஊற்றினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈர விறகு, புகைகிறது என்று நினைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். ஒரு வாய் வைத்ததும் எனக்கு நாக்கு கரித்தது.

"அம்மா, உப்பு கூடிப்போச்சு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா இன்னும் ஒரு கரண்டி குழம்பை எடுத்துத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.

"கூடட்டும்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து முழுவதும் சாப்பிட்டேன்.